முடிவுக் குறிப்பேடா, 360 டிகிரி கருத்துக்கேட்பா?

தொழில் நடத்துபவர் தன்னைத் தானே அளக்க இரண்டு வழிகள். இரண்டும் ஒன்றையே காட்டுவதில்லை.

முடிவுக் குறிப்பேடு, மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் பரிந்துரைத்த முறை. பெரிய முடிவெடுக்கும் அன்றே எதிர்பார்ப்பை எழுதிவைத்து, 9 முதல் 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிட வேண்டும். “மார்ச்சுக்குள் 40 தையல் மெஷினும் ஓடும், நம்பிக்கை 70%, பயம், டெய்லர் கிடைக்காதது” என்கிற அளவுக்குத் துல்லியம் தேவை. “நன்றாகப் போகும்” என்று எழுதினால் பிறகு சரிபார்க்க எதுவும் இருக்காது. பேனாவில் எழுதுங்கள், பென்சில் என்றால் கை சும்மா இருக்காது. செலவு ஒரு நோட்டுதான். ஆனால் கூட்டத்தில் நீங்கள் குறுக்கே பேசுவதை அந்த நோட்டு ஒருநாளும் சொல்லாது.

அதைச் சொல்ல மற்றவர்கள் வேண்டும். உங்களைச் சுற்றி வேலை செய்பவர்களிடம் உங்களைப் பற்றிக் கேட்டு மதிப்பெண் வாங்குவதுதான் 360 டிகிரி கருத்துக்கேட்பு. சக பொறுப்பாளர்கள், கீழே வேலை செய்பவர்கள் என ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 3 பேரிடம் பெயரில்லாமல் கேளுங்கள். அதற்குக் குறைந்தால் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். சம்பள உயர்வோடு முடிச்சுப் போட்டால் எல்லோரும் 5-க்கு 5 போட்டுவிடுவார்கள். “இதை யார் சொன்னது?” என்று ஒருமுறை விசாரித்தாலே போதும், அடுத்த தடவை வெற்றுத்தாள்தான் வரும். சராசரியை விட, நீங்கள் உங்களுக்குப் போட்ட மதிப்பெண்ணுக்கும் அவர்கள் போட்டதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பெயரை மறைப்பது கடினம். அங்கே நோட்டில் தொடங்குவதுதான் சரி.