ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும் பழைய டீசல் இன்ஜின்: எங்கள் விசைப்படகு அனுபவம்

எங்கள் விசைப்படகில் இருப்பது பழைய ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். ஓட ஆரம்பித்துவிட்டால் குறையே சொல்ல முடியாது. விடிய விடிய வலை இழுத்தாலும் சூடு ஏறாது. தகராறெல்லாம் ஸ்டார்ட் செய்வதில்தான், அதுவும் எல்லா நேரமும் இல்லை. பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சும்மா நின்றுவிட்டு மறுநாள் கடலுக்குப் போக மீன்துறை தரும் டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றி, ஆட்களும் ஏறிய பிறகு செல்ஃப் அடித்தால் அப்போதுதான் அடம். நடுக்கடலில் அணைத்துவிட்டு அரை மணி கழித்து அடித்தால் உடனே பிடித்துக்கொள்ளும்.

படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் டீசல் பம்பைக் கழற்று, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்று என்பார்கள். ஆனால் பம்பின் உள்பாகம் தேய்ந்திருந்தால் இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் அதிகம் மக்கர் செய்யும், ஏனென்றால் சூட்டில் டீசல் இளகிவிடும். எங்களுக்கு நேர் எதிர். குளிரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை, ராமநாதபுரம் வெயிலில் ஏது குளிர்?

செலவில்லாத முதல் சோதனை புகைக்குழாயைப் பார்ப்பது. செல்ஃப் சுற்றும்போது புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால் டீசல் போகிறது, எரியவில்லை. எங்கள் படகில் முதலில் புகையே இருக்காது, கையால் பம்ப் அடித்த பிறகு வெள்ளையாக வரும். ஆக, கோளாறு இரண்டு.

எரியாததற்குக் காரணம் மெதுவான சுற்று. டீசல் இன்ஜினில் பொறி வைக்க பிளக் கிடையாது. காற்றை அழுத்தும் வேகத்தில் எழும் சூடுதான் தீ. சுற்று மந்தமானால் காற்றும் கசியும், சூடும் போய்விடும். "பேட்டரி புதுசுதானே அண்ணே" என்றார் டிரைவர். புதுசுதான். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், அரை வோல்ட்டே அதிகம். ஒன்றைத் தாண்டியது. பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு வரும் கேபிள் வெளியே நன்றாகத்தான் இருந்தது. கேபிள் முனையை மாட்டும் லக் பக்கம் தோலைக் கீறினால் உள்ளே செம்புக் கம்பியெல்லாம் கருத்து, நடுவில் பச்சைக் களிம்பு, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்று உள்ளே ஏறிய வேலை. வெள்ளீயம் பூசிய கம்பி உள்ள தடிமனான கேபிள் போட்டு, லக்கை அழுத்தி, மேலே கிரீஸ் தடவினோம். இன்றுவரை அந்த இடத்தில் தொல்லை இல்லை.

அடுத்தது ஏர், அதாவது டீசல் லைனில் காற்று புகுவது. இதில்தான் பாடாய்ப்பட்டோம். டேங்க் நிறைய டீசல் இருக்கும்போது சும்மா பிடித்துக்கொள்ளும், மட்டம் இறங்க இறங்க அடம் கூடும். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீடர் பம்ப் வரை பம்ப் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் சொட்டுவதில்லை, காற்று உள்ளே போகும். அதனால் எல்லா இடத்தையும் துடைத்துப் பார்த்தும் ஈரம் தென்படவில்லை. "ஏர் எங்கிட்டோ புடிக்குது" என்ற மெக்கானிக், அந்த வழியில் இருக்கும் ஃபில்டருக்கு முன்பும் பின்பும் உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி ஓஸ் துண்டு மாட்டினார். முன்னால் வந்த டீசல் சுத்தம், பின்னால் வந்ததில் கடுகு கடுகாகக் குமிழி. ஃபில்டர் தலையில் டீசல் பைப்பை மாட்டும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர் திரும்பத் திரும்ப முறுக்கிக் கெட்டியாகி, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. வாஷரை மாற்றினோம். புதிது கிடைக்காத இடத்தில் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. ஒன்று: கண்ணாடி ஓஸைச் சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், இன்ஜின் ரூம் சூட்டில் அது தாங்காது.

பெட்ரோல் துணியைக் காற்று போகும் வாயில் காட்டி ஸ்டார்ட் செய்யும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மரப்படகு, அடியில் டீசல் கலந்த தண்ணீர், கையில் பெட்ரோல். வேறென்ன சொல்ல? செல்ஃபையும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் விடாமல் அழுத்தாதீர்கள். இடையில் ஆறவிடாவிட்டால் மோட்டார் கருகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடிந்ததும் ஃபில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்த பிறகே செல்ஃப் பக்கம் போகிறோம்.

இப்போது மீதி இருப்பது ஒரே குறை. பிடித்தவுடன் ஒரு நிமிடம் வெள்ளைப் புகையோடு உதறுகிறது. மெதுவாக ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்திப் பார்த்தோம். மற்ற ஐந்திலும் சத்தம் மாறியது, நான்காவதில் மாறவே இல்லை, அதாவது அந்தச் சிலிண்டரில்தான் சரியாக எரியவில்லை. அந்த நாசிலை மட்டும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றியும் குறை நான்காவதிலேயே நின்றது. அப்படியானால் பெரும்பாலும் அந்தச் சிலிண்டரின் வால்வு அல்லது பிஸ்டன் ரிங்தான். வரும் தடைக்காலத்தில் இன்ஜின் ஹெட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.