விறாந்தை வெளிச்சத்தில் நாக்குப் பார்க்கும் பரியாரியார்

முதல் நாள் பரியாரியார் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். என் சலரோகத்துக்கு (நீரிழிவுக்கு) நல்லதென்று வழியில் நாவற்பழம் வாங்கித் தின்றுகொண்டே போயிருந்தேன். நாக்கை நீட்டியதும் சிரித்தார். "ரீச்சர், இதில் நாவற்பழத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நாளைக் காலை தேத்தண்ணீர் குடிக்காமல், நாக்கு வழிக்காமல் வாருங்கள்." காசு வாங்கவில்லை. இரண்டு பஸ் மாறி வந்த எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் அவருடைய வீடு. பெயர்ப்பலகை இல்லை. கைதடியில் சித்த மருத்துவம் படித்தவர். நாடி, பரிசம் (தொட்டுப் பார்ப்பது), நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டுத் தேர்வுகள் இருந்தாலும், நான் கண்ட பலர் மணிக்கட்டைப் பிடித்ததோடு முடித்துக்கொள்வார்கள். இவர் நாக்கில் நேரம் எடுக்கிறார். அதுவும் அறைக்குள் அல்ல; மின்விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும் என்று விறாந்தைக்கு அழைத்துப் போனார்.

மறுநாள் எனக்கு முன்னால் வெற்றிலை போடும் ஒரு பெரியவர். அவருடைய நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. பரியாரியார் பஞ்சுத் துணியால் துடைத்துப் பார்த்தார், வரவில்லை. துடைத்தால் வருவது பெரும்பாலும் பூஞ்சணம், வராததைச் சும்மா விடக் கூடாது என்றார். மருந்தே கொடுக்காமல் "இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் ஐயா" என்று துண்டு எழுதிக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

என் முறை. நிறம், ஈரம், வெடிப்பு, ஓரத்துப் பல் தடம், மடக்கச் சொல்லி அடிப்பக்கம், நீட்டும்போது ஒரு பக்கம் சாய்கிறதா என்பது வரை பார்த்தார். பொரி பொரியாக இருக்கவேண்டிய நாக்கு சிவந்து, மெழுகிய தரைபோல வழுவழுப்பாக இருந்ததாம். சித்த நூலின்படி சிவப்பு பித்தம் என்று சொல்லிவிட்டு, "மெற்போர்மின் எத்தனை வருடம்?" என்று என் சலரோகக் குளிசையைக் கேட்டார். 11 வருடம். சைவம்தானே என்றார். ஆமென்றேன். விற்றமின் பி12 பார்க்கச் சொல்லி அனுப்பினார். அந்தக் குளிசையை நெடுங்காலம் எடுத்தால் பி12 உடலில் சேர்வது குறையும். பால், தயிர் தவிர்ந்த மரக்கறிச் சாப்பாட்டிலும் அது அநேகமாகக் கிடைப்பதில்லை. இரத்தப் பரிசோதனையில் குறைவென்றே வந்தது. இத்தனை வருடமும் மாதாமாதம் குளிசை எழுதித் தந்தவர்கள் ஒருவரும் என்னை வாய் திறக்கச் சொன்னதில்லை. இப்போது ஆங்கில வைத்தியரிடம் ஊசி போடுகிறேன். நாக்கு எரிச்சலால் தொட முடியாதிருந்த சொதியை நான்காம் கிழமை இடியப்பத்தோடு சாப்பிட்டேன்.

குறைகளும் உண்டு. இலக்கத் துண்டு கிடையாது, மூன்றே கதிரை, இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். அதற்கிடையில் தெரிந்தவர்கள் பின்பக்கக் கிணற்றடியால் உள்ளே போய்விடுகிறார்கள். கால் உளைவுக்குத் தந்த எண்ணெய்ப் போத்தலின் மூடி சரியில்லை. பஸ்ஸில் என் கைப்பை முழுக்க ஊற்றி, பரிசோதனைத் துண்டும் ஊறிப்போயிற்று. எழுத்தையும் மருந்துக்கடைக்காரரால்தான் வாசிக்க முடியும்.

கட்டணம் அவர் கேட்பதில்லை, தட்டில் வைப்பதுதான். போகிறவர்கள் எட்டு மணிக்கு முன் போங்கள். நான் அடுத்த மாதம் மறுபடி போகிறேன், வீட்டிலிருந்து ஒரு நல்ல போத்தலும் எடுத்துக்கொண்டு.