திருகோணமலையைக் கடலிலிருந்து பார்க்க ஒரு தனிப் படகு

திருகோணமலைக்குப் போகிற நம்மவர்களின் பயணம் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். காலையில் கோணேசர் கோயில், இறங்கும் வழியில் பிரட்றிக் கோட்டைக்குள் மான்களோடு ஒரு படம், மத்தியானம் கன்னியா வெந்நீரூற்று, பின்னேரம் நிலாவெளிக் கடலில் ஒரு குளிப்பு. விடிந்தால் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ வாகனம் கிளம்பிவிடும். இந்த ஊரின் முகம் கடல் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்பதை அந்த அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. தரையில் நின்றால் ஒரு குடா தெரியும், இன்னொன்று மறைந்துவிடும். முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் படகு ஏறத்தான் வேண்டும்.

இந்த ஆகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து அம்மாவோடும் மகனோடும் போயிருந்தபோது அதைத்தான் செய்தோம். உப்புவெளிக் கரையிலிருந்து ஒரு படகைத் தனியாகப் பேசி, வடக்கே உள்ள பேக் பே என்ற குடா வழியாக, கோணேசர் கோயில் நிற்கிற கோணமலையைச் சுற்றி, தெற்கே டச் பே என்ற குடாவையும் தாண்டித் துறைமுக வாய் தெரிகிற இடம் வரை போய்த் திரும்பினோம். போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் படகு பேசியதிலிருந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் தங்கியிருந்த இடத்தின் வரவேற்பு மேசையில்தான் விசாரித்தோம். அவர்கள் சொன்ன விலை, பிறகு நாங்கள் நேரடியாகக் கொடுத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விலையைவிட என்னை உறுத்தியது வேறு. எவ்வளவு நேரம், எங்கெங்கே போகும், எத்தனை பேர் ஏறுவோம், பாதுகாப்பு அங்கி உண்டா என்று கேட்டால் ஒன்றுக்கும் தெளிவான பதில் இல்லை. "எல்லாம் இருக்கும் மேடம்" என்று மட்டும் சொன்னார்கள். படகு யாருடையது என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. இடையில் இருப்பவர் கொமிஷன் எடுப்பதில் எனக்குக் குறை கிடையாது, அதுவும் ஒரு தொழில்தான். ஆனால் காசை வாங்குகிறவர் கடலைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் பின்னேரம் கரைக்கே போய்க் கதைத்தோம். கரையில் ஏற்றி வைத்திருக்கிற பைபர் போட்டுகளுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு மூன்று பேர் வலை பொத்திக்கொண்டோ எஞ்சினைக் கழற்றிக்கொண்டோ இருப்பார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம் அம்மாவே கேட்டார்: "தம்பி, மலையைச் சுத்திக் காட்டுவீங்களோ? புறாமலைத் தீவுக்குப் போக வேண்டாம், ஊரைத்தான் பார்க்க வேணும்." அவர் சிரித்துக்கொண்டு, "ஊரைப் பார்க்க ஆர் அம்மா வாறது? எல்லாரும் திமிங்கிலம் பார்க்கத்தான் வருவினம்" என்றார். விலையை அங்கேயே ஒரே வார்த்தையில் சொன்னார்: முழுப் படகுக்கு இவ்வளவு, எண்ணெய் அதற்குள், மூன்று மணித்தியாலம், மூன்று பேர் வந்தாலும் ஆறு பேர் வந்தாலும் அதே காசு. காலை ஆறு மணிக்கு முன் கரையில் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

காரணம் கச்சான் காற்று. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரையில் கடல் அமைதிதான், ஆனால் மேற்கிலிருந்து தரையைத் தாண்டி வருகிற அந்தக் காற்று ஏற ஏற, சிறிய படகைக் கடல் பக்கமாகத் தள்ளும். கரையில் நிற்பவருக்கு அலையே இல்லாத மாதிரித் தெரியும், வெளியே போனவருக்குத் திரும்புவதுதான் வேலை. எட்டரை ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அவர் சொன்னதில் பேரம் பேச இடமில்லை. வரவேற்பு மேசையில் எங்களுக்குப் பத்து மணிப் பயணம் ஒன்றையும் விற்கப் பார்த்தார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

ஏறுவதுதான் வயதானவர்களுக்குச் சிரமமான பகுதி. இறங்குதுறை ஒன்றும் இல்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, படகின் விளிம்பைப் பிடித்து ஏற வேண்டும். அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. படகைத் தள்ள வந்த பொடியன்மார் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தண்ணீருக்குள் வைத்து, அதில் ஏற்றி, இரு பக்கமும் பிடித்து உள்ளே இருத்திவிட்டார்கள். அன்பாகச் செய்தார்கள், உண்மை. ஆனாலும் ஒரு மரப் படியோ ஏணியோ செய்து வைப்பது பெரிய செலவு இல்லை. பாதுகாப்பு அங்கிகள் இருந்தன, கேட்காமலே தந்தார். ஒன்றின் கொக்கி உடைந்திருந்தது, மாற்றித் தரச் சொன்னதும் மாற்றினார். என் மகனுக்குப் பத்து வயது. அவனுக்கு அளவான அங்கி இல்லை, பெரியதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கியைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கரையில் கழிப்பறையும் இல்லை, உடை மாற்ற மறைவும் இல்லை. இவ்வளவு சுற்றுலாப் பயணிகள் வந்து போகிற கரையில் இந்த இரண்டையும் கட்டுவதற்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, கடலுக்கு வருவோம்.

உப்புவெளியிலிருந்து தெற்காகப் போகும்போது வலது பக்கம் கரை நீளமாக விரிகிறது. விடுதிகள் முடிந்து தென்னைகள், பிறகு மீனவர் வீடுகள். கரைவலை இழுக்க ஆட்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். வலை வளைத்திருந்த இடத்தைத் தூரத்திலேயே கண்டுகொண்டு படகுக்காரர் அகலமாக விலகிப் போனார். மகன் காரணம் கேட்டபோது, "அது அவையின்ர பாடு தம்பி. எஞ்சின் சத்தம் கேட்டால் மீன் கலைஞ்சிடும்" என்றார். சூடை மீனும் கீரி மீனும்தான் அந்தக் கரையில் அதிகம் படும் என்றும், அறுக்குளாவுக்கு வெளியே போக வேண்டும் என்றும் சொன்னார். கோயில் கோபுரத்தையும் பின்னாலுள்ள ஒரு குன்றையும் நேர்கோட்டில் எடுத்து, கடலுக்கடியில் பார் என்கிற பாறைத் திட்டு எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதை மகனுக்குக் காட்டிக் கொடுத்தார். அவன் அதன் பிறகு கைபேசியைத் தொடவில்லை.

பேக் பேயைக் கடந்ததும் கோட்டை வருகிறது. மேலே நடந்து போகும்போது வாசலும் மதிலும்தான் கண்ணில் படும். கடலிலிருந்து பார்த்தால் ஒரு முனை முழுவதையும் எப்படி அரணாக்கினார்கள் என்பது புரிகிறது. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள், அந்தக் கற்களைக்கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர். பிரட்றிக் என்ற பெயர் ஆங்கிலேயர் வைத்தது. அந்த மதிலையும் அதற்குமேல் இன்று நிற்கிற கோயிலையும் ஒரே பார்வையில் கண்டபோது அம்மா கைகூப்பினார். நானும்தான்.

அதற்கு அடுத்த வளைவில் மலை செங்குத்தாக எழும்புகிறது. எத்தனையோ தடவை மேலே நின்று கீழே பார்த்திருக்கிறோம். கீழே நின்று மேலே பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம். பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது, கரை என்று ஒன்றே கிடையாது. இராவணன் வெட்டு என்று மேலிருந்து எட்டிப் பார்க்கிற பிளவு, கீழிருந்து பார்க்க மலையையே இரண்டாகப் பிரித்த கோடாகத் தெரிகிறது. காலை வெயில் கிழக்கிலிருந்து நேராகப் பாறையில் விழுவதால் அந்த நேரத்தில் ஒவ்வொரு மடிப்பும் தெளிவாக இருந்தது. இதற்காகவே அதிகாலையில் போகலாம். அலை பாறையில் மோதித் திரும்புவதால் படகு அங்கே கொஞ்சம் துள்ளும். அவர் ஓரளவுக்கு மேல் நெருங்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எஞ்சினைக் குறைத்துவிட்டு ஒரு இடத்தைக் காட்டினார். அடியில் பழைய கோயிலின் செதுக்குக் கற்களும் தூண்களும் கிடக்கின்றன, சுழியோடிகள் இங்கேதான் இறங்குவார்கள் என்றார். 1956இல் இந்த மலையடிக் கடலில் சுழியோடியவர்கள்தான் இடிபாடுகளைக் கண்டார்கள், அப்போது ஒரு சிவலிங்கமும் மேலே வந்தது. 1950இல் நகருக்குள் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பஞ்சலோகச் சிலைகள் கிடைத்திருந்தன. மண்ணும் கடலும் திருப்பிக் கொடுத்த பிறகு, கோயில் மீளக் கட்டப்பட்டு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. அம்மாவுக்கு அது சிறுவயது நினைவு. சனக்கூட்டத்தில் அப்பாவோடு நின்று பார்த்ததாக அவர் சொல்லத் தொடங்க, படகுக்காரர் எஞ்சினை முழுதாக நிறுத்திவிட்டார். அவருக்குத் தெரியாத விவரங்களை அம்மாவிடம் கேட்டார். அவருடைய தகப்பனார் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னார். இருவரும் அப்படிக் கதைத்துக்கொண்டிருக்க, நேரம் போவதை அவர் பொருட்படுத்தவில்லை. நிறையப் பேரை ஏற்றுகிற கூட்டுப் பயணத்தில் இது நடக்காது. தனிப் படகுக்குக் கொடுத்த காசு இந்த ஒரு இடத்திலேயே எங்களுக்குச் சரியாகிவிட்டது.

மலையைத் தாண்டினால் டச் பே. அதற்கு அப்பால் கரை மேடாகி, ஒல்லாந்தர் காலத்துப் பழைய கோட்டையான ஒஸ்ரன்பேர்க் பக்கம் போகிறது, அதையும் தாண்டித் துறைமுகத்தின் வாய். "இதுக்கு அங்கால நேவி. கிட்டப் போகேலாது, கமராவையும் அந்தப் பக்கம் திருப்பாதேங்கோ" என்றார். தூரத்தில் நின்றே பார்த்தோம். தெற்கே கொட்டியாரக் குடா அகன்று கிடக்கிறது, மகாவலி வந்து விழுவது அங்கேதான். குடாவின் வாயிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆயிரம் மீற்றருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட நீலத் திமிங்கிலம் வருவது அந்த ஆழத்தால்தான். 1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே வந்து அவற்றைப் படித்துக்கொண்டிருந்தார்கள், போர் அதை நிறுத்தியது.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தது குடாவின் மறு கரையை. அவர் மூதூரில் படிப்பித்த காலத்தில் உள்துறைமுகத்திலிருந்து லோஞ்சில் போய் வந்தவர். அந்த வழி மலைக்கு வெளிப்பக்கம் வராது. ஊரிலேயே பிறந்து, கடல் கடந்து வேலைக்குப் போய் வந்த அம்மாவுக்குக் கோணமலையின் கடல் முகத்தைப் பார்க்க இவ்வளவு வயது ஆகியிருக்கிறது. அம்மாவின் தகப்பனார் ஆங்கிலேயரின் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டதை வீட்டில் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். விமானங்கள் வந்த திசையை அம்மா மகனுக்குக் கையால் காட்டினார்.

திரும்பும் வழியில் படகுக்காரர் தன்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார். போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும், குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும், பெரிய எஞ்சின் பூட்ட முடியாது. 2004 ஆழிப்பேரலையில் படகு போனது. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வாரக்கணக்கில் படகைக் கரையில் வைத்திருந்தார். இவ்வளவையும் குறை சொல்கிற தொனி இல்லாமல் சொன்னார். காற்று, நீரோட்டம், பார், வரலாறு எல்லாம் தெரிந்த ஒருவர் எங்களோடு மூன்று மணித்தியாலம் இருந்தார். அவர் வாங்கிய காசு எண்ணெய்க்கும் எஞ்சினுக்கும் ஆளுக்கும் போதும், அந்த அறிவுக்கு அவர் விலையே போடவில்லை. வெளிநாட்டிலிருந்து போகிற நாங்கள் அதை உணர்ந்து கொடுக்க வேண்டும். இவரைப் போன்றவர்களுக்கு ஒரு நல்ல படி, பிள்ளைகள் அளவு அங்கி, கரையில் எழுதி ஒட்டிய விலைப் பலகை ஆகியவை கிடைத்தால் இடைத்தரகர் இல்லாமலே இந்தத் தொழில் நிமிர்ந்து நிற்கும். ஊர்ச் சங்கங்கள் கோயில் மண்டபங்களுக்குக் காசு சேர்க்கின்றன, நல்லது. இதற்கும் கொஞ்சம் சேர்க்கலாம்.

புறாமலைக்கும் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். அது 2003 முதல் தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்திடம் ரிக்கெட் எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. இலங்கை அடையாள அட்டை உள்ளவர்கள் அதைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே முருகைக்கல்லில் கால் ஊன்றாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கூட்டிப்போங்கள். விடுமுறை நாட்களில் கூட்டம் அதிகம்.

நவம்பர் முதல், வடகிழக்குக் காற்றால் கடல் கொந்தளிக்கிற வாடைக் காலத்தில் இந்தப் பயணத்தை யாராவது விற்க வந்தாலும் வாங்க வேண்டாம். கார்ட் எதுவும் செல்லாது, சில்லறை நோட்டாகக் கொண்டுபோங்கள். படகைத் தள்ளி, கதிரை வைத்து, திரும்பி வந்ததும் ஓடிவந்து அம்மாவை இறக்கிவிட்ட அந்தப் பொடியன்மார் படகுக்காரரின் ஆட்கள் இல்லை, கரையில் நிற்பவர்கள். பேசிய விலையில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. அவர்களுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.