விளக்கு, ஹார்ன் பழுதுக்காக ரூ.14,600 பறிகொடுத்தேன்: பழைய கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

நேற்று மாலைதான் உண்மை தெரியவந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

என் தந்தை வாங்கி, அவர் காலத்துக்குப் பின் நான் ஓட்டிவருவது 1999 ஆம் ஆண்டு மாருதி 800. சென்ற மாதம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது, வீரவநல்லூர் தாண்டியதும் முகப்பு விளக்குகள் மஞ்சளாக மங்கிவிட்டன. ஹார்னை அழுத்தினால் வெறும் முனகல்தான் வந்தது. அழுத்தும்போதெல்லாம் விளக்கு இன்னும் மங்கியது. ஆனால் செல்ஃப் அடித்தால் எஞ்சின் உடனே பிடித்தது. பழுது எங்கே என்பதைச் சொல்லும் அடையாளமே அதுதான் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள், நகரில் கார் எலக்ட்ரிகல் வேலை மட்டும் செய்யும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, உறை கருகிச் சுருண்டுபோன பச்சை வயர்த் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "உள்ள பூரா வெந்துபோச்சு அண்ணாச்சி. பிள்ளைகள ஏத்திட்டுப் போற வண்டில்லா, தீப்பிடிச்சா என்ன செய்வீக?" என்றார். அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன். முன்புற வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதும், வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்றுகூடக் கேட்காமல் ரூ.10,000 ரொக்கமாகக் கொடுத்தேன். வண்டியை எடுக்கும்போது மீதி ரூ.4,600 வாங்கிக்கொண்டார். ஆக மொத்தம் ரூ.14,600.

ஆறே நாளில் அதே மங்கல், அதே முனகல். தொலைபேசியில் அழைத்தால், வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை நேரில் போனால் பேட்டரிதான் போய்விட்டது, புதியது போடுங்கள் என்றார்கள். மூன்றாம் முறை போனபோது, "இருபத்தஞ்சு வருச வண்டிக்கு நாங்க என்ன கியாரண்டியா தர முடியும்?" என்று என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். ரூ.14,600 வாங்கும்போது வண்டியின் வயது அவருக்குத் தெரியவில்லையா?

நேற்று சேரன்மகாதேவியில் டிராக்டர்களுக்கு வயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். விளக்கை எரியவிட்டு மீட்டரை வைத்தார். பேட்டரியில் 12.2 வோல்ட் இருந்தது. பல்பு முனையில் 9.4 தான். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் காரின் பாடிக்கும் இடையே, ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டிய இடத்தில், 2.8 வோல்ட் காட்டியது. விளக்கு, ஹார்னுக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, அந்த நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயர்தான். அதன் போல்ட்டைக் கழற்றினால், வயர் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக் முழுவதும் பச்சைக் களிம்பு. எஞ்சினுக்குத் தனி எர்த் இருப்பதால் செல்ஃப் மட்டும் நன்றாக இருந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் பொருத்தி, இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். வாங்கியது ரூ.180.

மாற்றியதாகச் சொன்ன வயரிங்கின் மேல்டேப்பைப் பிரித்துப் பார்த்தோம். டேப் மட்டும்தான் புதிது. உள்ளே என் அப்பா காலத்துப் புழுதி படிந்த பழைய வயர்கள், ஓர் இடத்தில்கூடக் கருகாமல் இருந்தன. அப்படியானால் என் கையில் வைத்த பச்சைத் துண்டு எந்த வண்டியுடையது?

விளக்கும் ஹார்னும் சேர்ந்து சோர்ந்தால் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் வைக்காமல் வயரிங்கை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். வேலையை விவரித்து எழுதிய ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லப்போகிறேன், ஆனால் ரூ.14,600க்கு என்னிடம் இருப்பதெல்லாம், கடையின் பெயர்கூட இல்லாமல் தொகையை மட்டும் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு.