பச்சைத் தண்ணீர்க் குளமா, பயோஃப்ளாக் தொட்டியா?

பட்டுக்கோட்டைப் பக்கம் மீன் வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு இப்போது வரும் முதல் கேள்வி, பாசியால் பச்சையாக இருக்கும் தண்ணீரில் மீன் வளர்க்கும் குளம் வெட்டுவதா, பாக்டீரியாவை வைத்துத் தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் பயோஃப்ளாக் முறையில் தார்ப்பாய்த் தொட்டி போடுவதா என்பதுதான். எங்களுக்கும் அதே கேள்வி வந்தது. தொட்டி வைத்திருக்கும் உறவினர் ஒருவரோடு கூடமாட நின்று வேலை பார்த்த பிறகு, குளம் என்று முடிவு செய்தோம். ஆகவே நான் குளத்தின் பக்கம் நின்றுதான் எழுதுகிறேன்.

இரண்டிலும் சமாளிக்க வேண்டியது, மீனின் கழிவிலிருந்து வந்து மீனுக்கே நஞ்சாகும் அம்மோனியாவைத்தான். 30 சதவீதம் புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால், ஏறக்குறைய 28 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். குளத்தில் அதைப் பாசி தின்கிறது. வெயில் இருந்தால் போதும், கூடவே ஆக்சிஜனையும் கொடுத்துவிடுகிறது. தொட்டியில் அந்த வேலை பாக்டீரியாவுக்கு. அதற்கு நாம் வெல்லமோ மொலாசஸோ (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) கொடுக்க வேண்டும். அந்த 28 கிராமையும் பாக்டீரியாவே எடுத்துக்கொள்ள வேண்டுமானால், சுமார் 400 கிராம் வெல்லம் பிடிக்கும். இப்படி வளர்ந்து திரளும் பாக்டீரியாக் கட்டிகளுக்குத்தான் ஃப்ளாக் என்று பெயர். அதைத் திலேப்பியா மீன் தின்பதால் தீவனம் ஓரளவு மிச்சமாகும்.

இடமும் தண்ணீரும் குறைவு என்றால் தொட்டிதான். அதில் வாதமே இல்லை. 4 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 15,000 லிட்டர் தண்ணீர் நிற்கும், அதில் 300 கிலோ மீன் எடுக்கிறார்கள். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் அறிவித்தார்கள்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. தொட்டியில் ஏர் பம்ப் இரவும் பகலும் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் மீனைக் காப்பாற்ற நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் என்றால், 15,000 லிட்டர் தொட்டியில் மொத்தமே 75 கிராம்தான் இருக்கிறது. ஒரு கிலோ மீன் மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் இழுக்கும். 300 கிலோவுக்கு 90 கிராம். மீன் மட்டுமே இருந்தால்கூட ஒரு மணி நேரம் தாங்காது. பாக்டீரியாவும் மூச்சு விடுகிறதே! அதையும் சேர்த்தால் அரை மணி நேரம்தான். அதற்குள் ஆள் எழுந்து, ஓடி, ஜெனரேட்டரைப் போட்டாக வேண்டும். காற்று நின்றதும் ஃப்ளாக் அடியில் படிந்து அழுகத் தொடங்குவது இன்னொரு தலைவலி.

குளத்தில் ஒரு ஏக்கருக்கு 5 அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 60 லட்சம் லிட்டர். அதில் 1,200 கிலோ மீன் வளர்த்தாலும், லிட்டர் கணக்கில் தொட்டியின் நெரிசலில் நூறில் ஒரு பங்குதான். இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும், உண்மைதான். ஆனால் அது படிப்படியாக, விடியற்காலை வரை இறங்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்த பிறகும், டீசல் என்ஜினை வைத்துத் தண்ணீரைச் சுழற்றிவிட நேரம் இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்த பிறகு, எங்கள் பகுதியில் எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு புயல் மறுபடி வந்தால் தொட்டிக்காரர் டீசலுக்கு எங்கே போவார் என்பதுதான் எனக்கு இருந்த பெரிய பயம்.

குளத்திலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. பாசி அடர்ந்தால் பிற்பகலில் தண்ணீரின் பிஹெச் (அமில, கார அளவு) 9ஐத் தொடும். 30 டிகிரி சூட்டில் பிஹெச் 8 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் சுமார் 7 சதவீதம்தான், 9 ஆனால் அதுவே 45 சதவீதம். அதனால் சோதனைக் கருவியில் அம்மோனியாவை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது, மாலையில் பிஹெச்சையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மேகமூட்டம் போட்டால் பாசி மொத்தமாகச் செத்துவிடும். அந்த நாட்களில் தீவனத்தைப் பாதியாகக் குறைப்போம், சாணம், யூரியா எதையும் தண்ணீரில் விடமாட்டோம். தண்ணீருக்குள் இறக்கிப் பார்க்கும் செக்கி தட்டு (கறுப்பு வெள்ளை வட்டத் தட்டு) 30 முதல் 40 சென்டிமீட்டரில் மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது என்று பொருள். பெயின்ட் ஊற்றியதுபோல் மேலே நீலப்பச்சை ஏடு படிந்தால் அது வேறு பாசி, மீனில் சேற்று வாடையைக் கொண்டுவந்துவிடும். அதற்கு உரத்தை நிறுத்திவிட்டு, மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதுதான் நாங்கள் செய்வது.

நுண்ணுயிரை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. தவிடு, வெல்லம், பேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியாப் பொடி மூன்றையும் புளிக்கவைத்து அடிச்சேற்றுக்காக விடுகிறோம். சேற்றில் கெட்ட வாடை குறைந்திருக்கிறது. ஆனால் அது அந்தக் கரைசலால்தானா, தீவனத்தைக் கட்டுப்படுத்தியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அதை நிறுத்திப் பார்த்ததில்லை.

தொட்டியில் அன்றாட வேலையும் கூடுதல். கூம்புக் குவளையில் ஃப்ளாக் எவ்வளவு படிகிறது என்று பார்க்க வேண்டும். திலேப்பியாவுக்கு லிட்டருக்கு 25 முதல் 50 மில்லி வரை சரி, தாண்டினால் அடிக்கசடை வெளியேற்ற வேண்டும். பாக்டீரியா காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருப்பதால் சோடா உப்போ சுண்ணாம்போ தொடர்ந்து சேர்க்க வேண்டும். என் உறவினர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார், நன்றாகவும் எடுக்கிறார். வீடு தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் குளமோ ஊரைத் தாண்டி இருக்கிறது.

விரால், பனையேறிக் கெண்டை மாதிரி மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்களை விட்டால் தொட்டியில் கரண்ட் பயம் குறையும் என்கிறார்கள். அவற்றின் உடலமைப்பைப் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது. நான் வளர்த்ததில்லை, அதனால் உத்தரவாதம் தரமாட்டேன். இடம் சுருக்கம், தொட்டிதான் வழி என்றால், தொட்டியின் எண்ணிக்கையை முடிவு செய்வதற்கு முன் ஜெனரேட்டர், தானாக மாறும் சுவிட்ச், மாற்று ஏர் பம்ப், ஒரு வாரத்துக்கான டீசல் இவற்றுக்கு விலை கேட்டு எழுதுங்கள். மீதிப் பணத்தில் எத்தனை தொட்டி வருகிறதோ, அத்தனை போட்டால் போதும்.