ஜெனரேட்டரா, கரண்ட் வரும் நேரமா?

2012-ல் கோயம்புத்தூரில் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமலே போன நாட்கள் உண்டு. கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வழிதான்: ஜெனரேட்டர் வாங்குவது, இல்லை கரண்ட் வரும்போது ஓட்டுவது.

ஜெனரேட்டர் இருந்தால் சொன்ன தேதிக்குச் சரக்கு போகும். ஆனால் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். மின்வாரியக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். பம்ப் உதிரிபாகத்துக்கு முன்பே கூலி பேசிவிட்ட ஜாப் ஆர்டர்காரர் (பிறருக்குக் கூலிக்குச் செய்து தருபவர்) அந்தக் கூடுதல் காசை யாரிடம் போய்க் கேட்பார்?

சரி, காத்திருப்பது மலிவா? அதுவும் இல்லை. பாதிக் கடைசலில் லேத் நின்றால் டூல் முனை உடையலாம். பொருளில் தழும்பு விழும். கரண்ட் வந்ததும் மறுபடி அளவு பார்த்து ஆரம்பிக்க வேண்டும். மின் உலையில் இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிக்கு இந்த வழியே கிடையாது. இண்டக்‌ஷன் உலையில் இரும்பு உறைந்தால் உட்பூச்சும் போச்சு. உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்புக்காவது ஜெனரேட்டர் வேண்டும்.

சின்னப் பட்டறைக்குக் கரண்ட் நேரம் பார்த்து ஓட்டுவதே மேல் என்பேன். ஆனால் வாசல்படியில் சும்மா உட்கார்ந்திருக்கும் மணிக்கும் தொழிலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும். பலருக்கு அது கிடைக்கவில்லை.

இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்க வடக்கிலிருந்து மின்சாரம் கொண்டுவரப் போதுமான கம்பிப் பாதை அப்போது இல்லை. தென் மாநிலங்களின் மின்கம்பி வலையான தென்னக மின்தொகுப்பு ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தேசியத் தொகுப்போடு ஒன்றிணைந்தது 2013 டிசம்பர் 31-ல்தான்.