புர்ரியின் சாக்கும் வெடிப்பும்: சித்தா டி காஸ்தெல்லோ அருங்காட்சியகங்கள்

இத்தாலியின் உம்ப்ரியாவில், ஓவியர் அல்பெர்த்தோ புர்ரி (1915–1995) பிறந்த சித்தா டி காஸ்தெல்லோ ஊரிலேயே அவர் படைப்புகளுக்கு இரண்டு அருங்காட்சியகங்கள். முதலில் 1981இல் திறந்த பலாட்சோ அல்பிட்சினிக்குப் போங்கள். மருத்துவராக இருந்து, டெக்சாஸ் போர்க்கைதி முகாமில் தூரிகை எடுத்தவரின் வளர்ச்சி அங்கேதான் வரிசையாகப் புரியும். சாக்குத் துணியால் ஆன ஓவியங்களில் கிழிசலைத் தைத்த தையல் வரை கிட்டே நின்று பாருங்கள். புகைப்படத்தில் அந்த மேடுபள்ளம் செத்துவிடும்.

'கிரெத்தி' எனும் வெடிப்புகளே சிகரம். வெள்ளை நிறமி, கயோலின் எனும் வெண்களிமண், வினைல் பசை மூன்றையும் குழைத்து நார்ப்பலகையில் கனமாக அப்புவார். காயும்போது கலவை சுருங்கும், பலகை சுருங்காது, அதனால் பிளக்கும். பூச்சு தடித்த இடத்தில் வாய்க்கால், மெலிந்த இடத்தில் மயிரிழை. போதுமென்றதும் மேலே பசை பூசி நிறுத்திவிடுவார். என்ன ஒரு கட்டுப்பாடு!

இரண்டாவது இடம் பழைய புகையிலை உலர்த்தும் கொட்டகைகள். வெளியே முழுக்கக் கறுப்பு, உள்ளே சுவரளவு படைப்புகள். அவசரமாகச் சுற்றினால் வீண்.

அதே வெடிப்பை ஊரளவில் காண சிசிலியின் ஜிபெல்லினாவுக்குத்தான் போக வேண்டும். 1968 நிலநடுக்கத்தில் அழிந்த ஊரின் இடிபாடுகளை வெள்ளை சிமென்டால் மூடி, பழைய தெருக்களை ஒட்டிப் பிளவுகள் விட்டார். 1989இல் நின்ற வேலை 2015இல்தான் முடிந்தது.